ஆறு கோரா, எட்டு கோரா?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே கேள்வியைத்தான் சுற்றிச் சுற்றி வருகின்றன: "இன்னும் கொஞ்சம் போட்டால் அடுத்த பிராசசர் கிடைக்கும். போடலாமா?" கம்ப்யூட்டரின் மூளைதான் பிராசசர், அதற்குள் தனித்தனியாக வேலை செய்யும் ஒவ்வொரு பகுதியும் ஒரு கோர். எல்லோருக்கும் பொதுவாக ஒரு பதில் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன், வரவில்லை. ஆளுக்கு ஆள் வேலை வேறு. அதனால் சில கடிதங்களை மட்டும் எடுத்துக்கொண்டேன். முதல் கடிதமே நிறைய இடத்தைச் சாப்பிட்டுவிட்டது, மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

கேள்வி: சார், நான் கணித ஆசிரியை. பாடங்களை வீடியோவாகப் பதிவு செய்து நானே எடிட் செய்கிறேன். வாரம் மூன்று வீடியோ. இப்போது இருக்கும் கம்ப்யூட்டர் திணறுகிறது. புதிதாக ஒன்று அசெம்பிள் செய்ய வேண்டும். ஏஎம்டி கம்பெனியின் ஆறு கோர் பிராசசர், ரைசன் 5 7600 போதும் என்று நினைத்திருந்தேன். என் தம்பியோ, "எட்டு கோர் இல்லாமல் எடிட்டிங் பக்கமே போகாதே, ரைசன் 7 7700 வாங்கு" என்கிறான். விலை ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. கூடக் கொடுப்பது தகுமா?

பதில்: டீச்சர், தம்பியிடம் ஒன்று கேளுங்கள். "இப்போது இருக்கிற கம்ப்யூட்டர் எந்த இடத்தில் திணறுகிறது?" அவருக்குத் தெரிந்திருக்காது. நீங்களும் கடிதத்தில் அதைச் சொல்லவில்லை. எங்கே வலிக்கிறது என்று சொல்லாமல் மருந்தின் விலையைக் கேட்டால் நான் என்ன செய்ய?

பழைய கம்ப்யூட்டரை ஓரங்கட்டுவதற்கு முன்னால் அதிலேயே ஒரு சோதனை செய்துவிடுங்கள். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். பெர்ஃபார்மன்ஸ் பகுதிக்குப் போய், சிபியு (பிராசசர்தான்) வரைபடத்தின் மேல் ரைட் கிளிக் செய்து, 'லாஜிக்கல் பிராசசர்ஸ்' காட்டும்படி மாற்றுங்கள். ஒரே மலையாக இருந்த படம் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரியும், திரெட் ஒன்றுக்கு ஒரு கட்டம் (திரெட் என்பது ஒரு கோர் எடுத்துச் செய்யும் வேலை வரிசை, இங்கே பேசும் ரைசன்களில் கோருக்கு இரண்டு). அதை ஓரமாகத் திறந்து வைத்துவிட்டு வழக்கம்போல் எடிட் செய்யுங்கள். திணறும் அந்த நொடியில் கட்டங்களைத் திரும்பிப் பாருங்கள்.

எல்லாக் கட்டங்களும் உச்சி வரை நிரம்பி அப்படியே நின்றால், சரி, உங்களுக்குக் கோர் போதவில்லை. தம்பி சொன்னது நியாயம். ஒரே ஒரு கட்டம் மட்டும் முட்டிக்கொண்டு நிற்க மற்றவை தூங்கினால், எட்டு கோர் வாங்கினாலும் கூடுதலாக இரண்டு கோர் தூங்கும், அவ்வளவுதான். அங்கே தேவை ஒற்றை கோரின் வேகம். எந்தக் கட்டமும் நிரம்பவில்லை, ஆனால் இடப்பக்கம் மெமரி 95 சதவீதத்தில் நிற்கிறது என்றால் ரேம் போதவில்லை. டிஸ்க் 100 என்று காட்டினால் வேறு எதையும் பார்க்கவே வேண்டாம், முதலில் எஸ்எஸ்டி, அதாவது வேகமான டிஸ்க்.

இப்போது உங்கள் பாடத்துக்கே வருகிறேன். 1967-ல் ஜீன் ஆம்டால் என்ற கம்ப்யூட்டர் வடிவமைப்பாளர் முன்வைத்த வாதம், இன்று அவர் பெயரிலேயே விதியாக நிற்கிறது. ஒரு வேலையில் பிரித்துக் கொடுக்க முடிந்த பகுதியும் உண்டு, முடியாத பகுதியும் உண்டு. எத்தனை பேரைக் கூட்டினாலும் பிரிக்க முடியாத பகுதி அப்படியேதான் இருக்கும். ஒரே கோரில் 60 நிமிடம் ஆகும் வேலை என்று வைத்துக்கொள்வோம். அதில் 15 நிமிடம் பிரிக்க முடியாதது. மிச்சம் 45-ஐ ஆறு கோருக்குப் பங்கிட்டால் ஏழரை, ஆக மொத்தம் இருபத்திரண்டரை நிமிடம். எட்டு கோருக்குப் பங்கிட்டால் மொத்தம் 20 நிமிடம் 37 நொடி. லாபம் இரண்டு நிமிடம்கூட இல்லை. கோர்களை முடிவிலி வரை கூட்டிக்கொண்டே போங்கள், 15 நிமிடத்துக்குக் கீழே இறங்கவே இறங்காது. மாணவர்களுக்கு எல்லை மதிப்பு நடத்தும்போது இந்தக் கணக்கைத் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம்.

நிஜத்தில் அந்த லாபமும் முழுசாகக் கைக்கு வராது. 7600, 7700 இரண்டுக்குமே கம்பெனி போட்டிருக்கும் மின்சக்தி அளவு 65 வாட். ஆறு பேருக்குப் போட்ட தீனியை எட்டுப் பேர் பகிர்ந்துகொள்ள வேண்டும். எல்லாக் கோரும் ஒரே நேரத்தில் வேலை செய்யும்போது ஒவ்வொன்றும் சற்று மெதுவாகத்தான் ஓடும். எட்டை ஆறால் வகுத்து, "33 சதவீதம் கூடுதல் வேகம்" என்று எண்ணிவிடாதீர்கள்.

இதையெல்லாம்விட நான் பெரிதாக நினைப்பது வேறொன்று. காத்திருப்பில் இரண்டு வகை உண்டு. முடித்த வீடியோவைக் கோப்பாக்கும் எக்ஸ்போர்ட் பொத்தானை அழுத்திவிட்டு எழுந்து போய், விடைத்தாள் திருத்திவிட்டு வருகிறீர்களே, அது ஒரு வகை. அது இருபது நிமிடமாக இருந்தால் என்ன, இருபத்திரண்டாக இருந்தால் என்ன? நீங்கள் அங்கே இல்லவே இல்லை. இன்னொன்று, டைம்லைனில் ஒரு இடத்தை வெட்டப் போகும்போது படம் அரை நொடி உறைந்து, பிறகு தாவி ஓடுவது. மவுஸைப் பிடித்த கை அந்தரத்தில் நிற்கும். அரை நொடிதான், ஆனால் ஒரு வீடியோவுக்கு இருநூறு முறை. ஆளைத் தின்பது இதுதான். பிராசசரை விமர்சனம் செய்கிறவர்கள் காட்டும் பட்டை வரைபடங்களில் பெரும்பாலும் முதல் வகைதான் இருக்கும். அளப்பதற்குச் சுலபம் அல்லவா.

டைம்லைன் உறைவதற்கு முக்கால்வாசி நேரம் கோர் குறைவு காரணமாக இருப்பதில்லை. ரேம் போதாது, அல்லது வீடியோ கோப்பு மெதுவான டிஸ்கில் கிடக்கிறது, அல்லது கேமரா கொடுக்கும் கோப்பே பிரித்துப் படிக்கக் கடினமான வகை. கடைசிப் பிரச்சினைக்கு ஒரு இலவச வைத்தியம் உண்டு, பிராக்ஸி. எடிட்டிங் மென்பொருள் அசல் கோப்பின் சின்ன நகல் ஒன்றைச் செய்துகொள்ளும். நீங்கள் அதில் வெட்டி ஒட்டுவீர்கள், கடைசியில் எக்ஸ்போர்ட் ஆகும்போது அசல் வந்து உட்கார்ந்துகொள்ளும். நீங்கள் புதிய கம்ப்யூட்டர் வாங்குவதற்கு முன்பே இதை ஒரு வாரம் செய்து பாருங்கள்.

இவ்வளவு தெளிவாகப் பேசுகிறேனே என்று நினைக்காதீர்கள், பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். சில வருடங்களுக்கு முன்னால் எனக்கென்று ஒன்று அசெம்பிள் செய்தபோது, கையிருப்பில் எட்டிய மிகப் பெரிய பிராசசரை எடுத்தேன். மிச்சப் பணத்தில் 8 ஜிபி ரேம், ஒரே குச்சி. கூலருக்குப் பணமில்லை, பழைய பெட்டியிலிருந்து கழற்றிய சின்னக் கூலர் ஒன்றை மாட்டினேன். முதல் நாள் ஒரு நீளமான வீடியோவை எக்ஸ்போர்ட் போட்டேன். ஃபேன் விமானம் ஏறுவதுபோல் இரைந்தது. வெப்பம் 95 டிகிரி. தன்னைக் காப்பாற்றிக்கொள்ள பிராசசர் வேகத்தைக் குறைத்துக்கொண்டே வந்தது, நான் காசு கொடுத்து வாங்கிய வேகம் கண் முன்னால் கீழே இறங்கியது. கடைசியில் கேபினட்டின் பக்கவாட்டுக் கதவைக் கழற்றி வைத்துவிட்டு மேஜை ஃபேனை உள்ளே திருப்பி வைத்தேன். ஒரு மாதம் அப்படித்தான் ஓடியது. அந்த ஒரு மாதமும் டைம்லைன் உறைந்துகொண்டேதான் இருந்தது. பிராசசர் 20 சதவீதம், மெமரி 97 சதவீதம். இன்னொரு ரேம் குச்சியும் ஒழுங்கான கூலரும் வாங்கிய பிறகுதான் அது கம்ப்யூட்டராக மாறியது.

எனவே உங்களுக்கு 7600 போதும். வித்தியாசப் பணத்தில் ரேமை 32 ஜிபியாக்குங்கள். 16-ஆக இரண்டு குச்சிதான் வாங்க வேண்டும், எட்டாக நான்கு வேண்டாம். இந்த பிராசசர்களில் இரண்டு குச்சி போட்டால் அதிகாரபூர்வ ரேம் வேகம் 5200, நான்கு போட்டால் 3600-க்கு இறங்கிவிடுகிறது. அதற்கு மேலும் பணம் மிஞ்சினால் வீடியோ கோப்புகளுக்கென்று தனியாக ஒரு எஸ்எஸ்டி. கடையில் 7600எக்ஸ் என்று ஒன்றையும் காட்டுவார்கள். கோர் அதே ஆறு. உச்ச வேகம் 5.1 கிகாஹெர்ட்ஸுக்குப் பதில் 5.3. மின்சக்தி 65-க்குப் பதில் 105 வாட். 7600-ன் பெட்டிக்குள் கூலர் இருக்கும், எக்ஸ் போட்டதில் இருக்காது. வேண்டாம்.

இரண்டு வருடம் கழித்து உண்மையிலேயே கோர் போதவில்லை என்று தெரிந்தால் பிராசசரை மட்டும் கழற்றி மாற்றிக்கொள்ளலாம். இரண்டும் மதர்போர்டில் உட்காரும் இடம் ஒரே ஏஎம்5 சாக்கெட். 2027 வரையாவது இந்த சாக்கெட்டுக்குப் புதிய பிராசசர்கள் வரும் என்று ஏஎம்டி அறிவித்திருக்கிறது. முந்தைய ஏஎம்4 சாக்கெட்டில், 2017-ல் வாங்கிய மதர்போர்டுகள் பலவற்றில் பயாஸை (போர்டுக்குள் இருக்கும் தொடக்க மென்பொருள்) மட்டும் புதுப்பித்து 2022-ல் வந்த பிராசசரைப் போட்டு ஓட்டினார்கள்.

தம்பி மனம் கோணாமல் இருக்க ஒரு விஷயம் சொல்லுங்கள். இந்த ஆறு கோர் சில்லும் எட்டு கோராகத்தான் பிறக்கிறது, இரண்டை அணைத்துவிட்டு ஆறாக விற்கிறார்கள். 2009 வாக்கில் ஏஎம்டியின் ஃபீனம் 2 வரிசையில் அப்படி அணைத்த கோரை பயாஸிலேயே எழுப்பிவிடலாம், நாங்களெல்லாம் ராத்திரி முழுக்க உட்கார்ந்து எழுப்பியிருக்கிறோம். எழுந்தது சில நேரம் ஓடும், சில நேரம் நீலத்திரை காட்டிவிட்டு மறுபடி படுத்துவிடும். இப்போது அந்த வழி அடைபட்டுவிட்டது.

கேள்வி: நான் மென்பொருள் எழுதுகிறேன். வீட்டிலிருந்து வேலை, சொந்த கம்ப்யூட்டர், எட்டு கோர் ரைசன் 7 7700. பெரிய சி++ ப்ராஜெக்ட். கம்பைல் செய்ய, அதாவது எழுதியதைக் கம்ப்யூட்டர் ஓட்டும் வடிவமாக்க, ஒவ்வொரு முறையும் ஒன்றரை நிமிடம் ஆகிறது. ஒரு நாளைக்கு நாற்பது முறையாவது செய்கிறேன். அதே ப்ராஜெக்ட் நண்பரின் பதினாறு கோர் 7950எக்ஸில் ஒரு நிமிடத்தில் முடிகிறது. விலை ரொம்பக் கூட. வாங்குவது வீண் ஆடம்பரமா?

பதில்: வாங்குங்கள்.

டீச்சருக்கு வேண்டாம் என்றவன் உங்களுக்கு உடனே தலையாட்டக் காரணம் இருக்கிறது. நீங்கள் எண்ணிப் பார்த்திருக்கிறீர்கள், வாங்க நினைக்கும் பொருளில் உங்கள் வேலையையே ஓட்டியும் பார்த்திருக்கிறீர்கள். முறைக்கு 30 நொடி, நாற்பது முறை, ஒரு நாளில் 20 நிமிடம். மாதத்துக்கு 22 வேலை நாள் என்றால் ஏழு மணி இருபது நிமிடம், ஏறக்குறைய ஒரு முழு வேலை நாள். அந்த அரை நிமிடத்தில் எழுந்தும் போக முடியாது, வேறு வேலையும் பார்க்க முடியாது, போனை எடுத்தால் அது பத்து நிமிடமாகிவிடும். நான் மேலே சொன்ன இரண்டாம் வகைக் காத்திருப்பு இது.

இரண்டு எச்சரிக்கை. கோர் இரண்டு மடங்கானாலும் நேரம் பாதியாகவில்லை, கவனித்தீர்களா? கடைசியில் எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டும் லிங்க் கட்டம் பெரும்பாலும் ஒற்றை ஆள் வேலை. மாற்றிய கோப்பை மட்டும் மறுபடி கம்பைல் செய்யும்படி ப்ராஜெக்டை ஒழுங்கு செய்திருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். செய்யவில்லை என்றால் அந்த ஒன்றரை நிமிடம் காசில்லாமலேயே பத்து நொடியாகக்கூடும். அடுத்தது ரேம். 32 திரெட்டும் ஒரே நேரத்தில் கம்பைல் செய்து, ஒவ்வொன்றும் இரண்டு ஜிபி கேட்டால் 64 ஜிபி ஆகிறது. அதையும் சேர்த்து விலை போடுங்கள். 7950எக்ஸ் 170 வாட் சில்லு, உங்கள் கூலரும் மாறவேண்டி வரலாம். பயாஸில் ஈக்கோ மோட் என்று ஒன்று இருக்கிறது. 105 வாட்டுக்கு இறக்கி ஓட்டிப் பாருங்கள். வேகம் கொஞ்சம்தான் குறையும், அறை நன்றாகவே குளிரும்.

கேள்வி: மகளுக்குக் கல்லூரிப் படிப்புக்கு லேப்டாப் வாங்க வேண்டும். வணிகவியல் படிக்கிறாள். ஐ5 போதும் என்கிறாள் அவள். நான்தான் ஐ7 வாங்கித் தரலாம் என்று நினைக்கிறேன். நாலு வருடம் ஓட வேண்டுமே. ஏழு என்றால் ஐந்தைவிடக் கூடத்தானே?

பதில்: ஐயா, மகள் சொல்வதைக் கேளுங்கள்.

ஏழு ஐந்தைவிடப் பெரிது என்பது எண்கணிதத்தில் சரி. இன்டெல் லேப்டாப் பிராசசரில் அந்த எண் வெறும் பெயர். 2016-ல் வந்த ஐ7-7500யூ-வில் இருந்தது இரண்டே கோர். மறுவருடம் வந்த ஐ5-8250யூ-வில் நான்கு. அதெல்லாம் பழைய கதை என்றால் பதின்மூன்றாம் தலைமுறையைப் பார்ப்போம். ஐ5-1335யூ, ஐ7-1355யூ இரண்டிலும் பத்து கோர், இரண்டிலும் 12 எம்பி கேச் (பிராசசருக்குள்ளேயே இருக்கும் சின்ன, வேகமான நினைவகம்). உச்ச வேகம் 4.6, 5.0 என்று மாறும், உள்ளிருக்கும் கிராஃபிக்ஸ் சற்றுப் பெரிதாகும். அந்த உச்ச வேகமும் மெல்லிய லேப்டாப்பில் கொஞ்ச நேரம்தான், அப்புறம் சூடு ஏறியதும் இரண்டும் ஒரே இடத்துக்கு இறங்கி வந்துவிடும். அதே தலைமுறையில் ஐ5-13500எச் என்று ஒன்று. பெயரில் ஐந்துதான், ஆனால் வேகமான பெரிய கோர் நான்கு, அந்த ஐ7-ன் பத்தில் இரண்டுதான் பெரிது. கடைசி எழுத்துதான் குடும்பத்தைச் சொல்லும். யூ என்றால் 15 வாட் சில்லு, பேட்டரி நிற்கும். எச் என்றால் 45 வாட், வேகம் உண்டு, கனமும் ஃபேன் இரைச்சலும் கூடவே வரும்.

ஏஎம்டி பக்கமும் இதே கூத்துதான். ரைசன் 5 7520யூ என்பதில் முதல் எண்ணைப் பார்த்துப் புதுசு என்று மயங்கக் கூடாது. அந்த 7000 வரிசை லேப்டாப் சில்லுகளில் மூன்றாவது இலக்கம்தான் உள்ளே இருக்கும் வடிவமைப்பின் வயதைச் சொல்லும். 7520-ல் அது 2, அதாவது 2019-ல் வந்த ஜென் 2. 7640யூ-வில் அது 4, ஜென் 4. ஒரே வரிசைப் பெயரில் அண்ணனும் தாத்தாவும் உட்கார்ந்திருக்கிறார்கள்.

வணிகவியலுக்கு யூ வகை ஐ5 தாராளம். நாலு வருடம் ஓட வேண்டும் என்ற கவலைக்குப் பதில் ரேமில் இருக்கிறது. நிறைய மெல்லிய லேப்டாப்களில் ரேமை போர்டிலேயே பற்றவைத்து விடுகிறார்கள், பின்னால் கூட்டவே முடியாது. 16 ஜிபிக்குக் குறையாமல் வாங்குங்கள். நாலாம் வருடம் "அப்பா, இது ஸ்லோவா இருக்கு" என்று வரப்போவது பெரும்பாலும் அதனால்தான்.

கேள்வி: அண்ணா, நான் 4கே மானிட்டரில் கேம் ஆடுகிறேன். எல்லோரும் எக்ஸ்3டி பிராசசர்தான் கெத்து என்கிறார்கள். ரைசன் 7 9800எக்ஸ்3டி-க்கு மாறட்டுமா?

பதில்: அண்ணா என்று அழைத்ததற்கு நன்றி, என் வயது உங்களுக்குத் தெரியவில்லை.

ஒரு கேமைத் திறந்து, எஃப்பிஎஸ் எண்ணை (நொடிக்கு எத்தனை படம் என்பது) திரையில் ஓடவிடுங்கள். ஒரே இடத்தில் நின்றுகொண்டு ரெசல்யூஷனை 4கே-யிலிருந்து 1080பி-க்கு இறக்குங்கள். எண் சட்டென்று ஏறினால், இதுவரை இழுத்துப் பிடித்திருந்தது கிராஃபிக்ஸ் கார்டு. பிராசசருக்குக் கொடுக்கும் காசு உங்கள் திரையில் தெரியாது. எண் அசையாமல் நின்றால் பிராசசர்தான் முட்டுக்கட்டை, அப்போது மாறலாம். 4கே-யில் பெரும்பாலும் முதல் விடைதான் வரும்.

எக்ஸ்3டி சும்மா பெயருக்கு என்று சொல்லவில்லை. 2022-ல் வந்த 5800எக்ஸ்3டி-யின் உச்ச வேகம் 4.5 கிகாஹெர்ட்ஸ், சாதாரண 5800எக்ஸ் 4.7. மெதுவாக ஓடியும் பல கேம்களில் அது முந்தியது, ஏனென்றால் சில்லின் மேல் இன்னொரு அடுக்கு கேச் ஒட்டி எல்3 கேச்சை 32 எம்பியிலிருந்து 96 எம்பி ஆக்கியிருந்தார்கள். கேம் அடிக்கடி கேட்கும் விவரம் பக்கத்திலேயே இருந்தது, ரேம் வரை ஓட வேண்டியிருக்கவில்லை. எக்செல்லுக்கு அதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை.

கேள்வி: இன்டெல் டெஸ்க்டாப் பிராசசரில் எஃப் என்று முடிவது கொஞ்சம் மலிவாக இருக்கிறதே, என்ன குறை?

பதில்: உள்ளே கிராஃபிக்ஸ் இல்லை. தனி கார்டு இல்லாமல் திரையில் எதுவுமே வராது. கார்டு என்றாவது பழுதானால் அன்றைக்குக் கம்ப்யூட்டரும் படுத்துவிடும். வீடியோ வேலைக்கு உதவும் குயிக் சிங்க் வசதியும் அந்த கிராஃபிக்ஸோடு சேர்ந்தே போய்விடும். இங்கேயும் விலை கூடினதை வாங்கச் சொல்வேன்.

கேள்வி: ஊருக்கெல்லாம் சொல்கிறீர்களே, நீங்கள் என்ன பிராசசர் வைத்திருக்கிறீர்கள்?

பதில்: மேஜை ஃபேன் கதையில் வந்த அதே பெரிய பிராசசர்தான். மாற்ற மனம் வரவில்லை. இந்தப் பக்கத்தைத் தட்டச்சு செய்துகொண்டிருக்கும்போது டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தேன். மொத்தம் மூன்று சதவீதம் ஓடிக்கொண்டிருந்தது. அதில் ஒன்று டாஸ்க் மேனேஜரே எடுத்துக்கொண்டது.